காணாமல்போன வளைவு

“அந்தம்மா இருக்காங்களா?”

போனில் வந்த முதல் கேள்வியே துப்பறிவாளரின் வயிற்றில் தீக்குச்சி உரசியது.

வாசல் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பவர் அவர். போன் அவருடையது. சுழல் நாற்காலியில் சுழன்றுகொண்டிருப்பவரும் அவர்தான். பலகையின் அடியில், இடம் மிச்சமிருக்கிறதே என்று பெயின்டர் பொடி எழுத்தில் சேர்த்த ‘உதவியாளர்’, அவர் மனைவியின் தங்கை. கொஞ்ச நாளாக மணி அடித்தால் எல்லோருக்கும் அந்தப் பொடி எழுத்துதான் வேண்டியிருந்தது.

“எந்தம்மா?” என்றார், அறைக்குள் அம்மாக்கள் வரிசை கட்டி நிற்பதுபோல.

“உங்க அசிஸ்டென்ட் சார். நகைக்கடை கேஸ்ல பூட்டைத் தொடாமலே திருடனைப் பிடிச்சாங்களே, அவங்க.”

அதே வழக்கில் பூட்டைத் தொட்டு, கழற்றி, கைரேகை எடுத்து, கடைசியில் அது கடைக்காரரின் கைரேகைதான் என்று கண்டுபிடித்தவர் இவர். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

“அவங்க வெளியே போயிருக்காங்க.”

எதிர் மேஜையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மச்சினி பேனாவை நிறுத்தினாள். “எங்கே போயிருக்கேன் அத்தான்? எப்ப திரும்பி வருவேன்? சாப்பாட்டுக்கு வந்துடுவேனா?”

“சார், ப்ளீஸ்” என்றது போன். இளம்பெண் குரல், அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த குரல். “சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா என் வேலை போயிடும். வேலை போனாக்கூடப் பரவாயில்ல. வருஷக்கணக்கா உட்கார்ந்து எழுதின புரோகிராமையும் சேர்த்து மூடிடுவாங்க.”

அவருக்கு ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சட்டைப் பையிலிருந்து பித்தளை விளிம்பு போட்ட பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனை வருஷத் தொழிலில் அது உருப்படியாகப் பயன்பட்டது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்ப்பதற்கும், மனைவியின் விரலில் ஏறிய முள்ளை எடுப்பதற்கும். முள் இரண்டாவது முயற்சியில்தான் வந்தது.

“வழக்கை நான் எடுத்துக்கறேன்” என்றார் பூதக்கண்ணாடி, ‘நான்’ என்பதை அழுத்தி.

“நானும் வெளியேதானே இருக்கேன், அப்படியே வந்துடறேன்” என்று மச்சினி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. சுரங்கப்பாதைகளுக்குக் காற்றடிக்கிற ராட்சத விசிறிகளை வடிவமைக்கும் இடம். கதவைத் திறந்ததும் சுவர் முழுக்க ஒரு போஸ்டர். கோட் போட்ட ஆசாமி ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நின்று, உலகத்தையே தாம்தான் வடிவமைத்ததாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: ‘பத்தே நிமிடத்தில்!’

“எங்க மாப்பிள்ளை சார்” என்றாள் வரவேற்புப் பெண். “முதலாளியோட மாப்பிள்ளை. விற்பனைப் பிரிவுத் தலைவர். எல்லாரும் மாப்பிள்ளைன்னுதான் சொல்லுவோம்.”

பூதக்கண்ணாடியின் கண் நேராகப் போனது மாப்பிள்ளையின் தலைமுடிக்கு. கருகருவென்று, அலையலையாக. அவருடைய சொந்தத் தலையில் அலை ஓய்ந்து கரை மட்டும் தெரிய ஆரம்பித்து நாளாகிவிட்டது. ஒட்டுமுடியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு கண்ணாடியை உருவி, போஸ்டரில் காதோரம் வைத்து ஆராய்ந்தார். காதுக்குப் பின்னால், திரையில், ஒரு துளையைச் சுற்றி உடைந்த கண்ணாடிச் சில்லுகள் மாதிரி ஒல்லி ஒல்லியாக முக்கோணங்கள். முழங்கைக்கு மேலே அட்டைப்பெட்டி மூலை மாதிரி ஒரு மடிப்பு. அதெல்லாம் எதற்கு? முடி அசல்தான். பெருமூச்சோடு கண்ணாடியைப் பையில் போட்டார்.

“தடயமா அத்தான்?” என்றாள் மச்சினி.

“பொதுவாப் பார்த்தேன்.”

போனில் பேசிய பெண் ஒரு சின்ன அறையில் காத்திருந்தாள். பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டிருந்தாள். அவள் எழுதிய புரோகிராமுக்குத் ‘தறி’ என்று பெயர் வைத்திருந்ததால் ஆபீஸில் அவளுக்குத் தறிக்காரி என்று பெயர். மேஜைமேல் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி இறக்கை கிடந்தது. அடிப்பாகத்தில், விசிறியின் நடுக்குமிழோடு சேருகிற இடத்தில், மயிரிழைபோல் ஆரம்பித்து விரல் நுழைகிற அளவுக்கு ஓடியது ஒரு விரிசல்.

“நேத்து சோதனைக் கூண்டுக்குள்ள சுத்தவிட்டோம். முழு வேகம் வர்றதுக்குள்ள வேர்ல விட்டுப்போச்சு” என்றாள். “வேர்னா இறக்கை குமிழைப் பிடிச்சிட்டிருக்கிற இடம். ஆனா கம்ப்யூட்டர் கணக்கு அந்த இடம் பத்திரம்னு சொல்லிச்சு. கணக்கு தப்புன்னா மெஷ் தப்பு. மெஷ் தப்புன்னா தறி தப்பு. தறி தப்புன்னா நான் வீட்டுக்குப் போகணும். முதலாளி அப்படித்தான் சொல்லிட்டார். சாயங்காலம் விசிறி வாங்கறவங்க வராங்க. அவங்களுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு தலை வேணும்.”

“மெஷ்னா கொசுவலையா?” என்று மச்சினி கேட்டாள்.

“பார்க்க அப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பல் கிடையாதுங்க. இறக்கையை முழுசாக் கொடுத்தா விழுங்காது. லட்சக்கணக்கான பொடித் துண்டா நறுக்கிக் கொடுக்கணும். ஒவ்வொரு துண்டாக் கணக்குப் போட்டு, எங்க எவ்வளவு அழுத்தம்னு சொல்லும். நறுக்கினது சரியில்லன்னா பொய் சொல்லும். பொய்னு தனக்கே தெரியாம, ரொம்பத் தைரியமாச் சொல்லும். அதான் ஆபத்து.”

“எங்க அத்தானைப் பார்த்த மாதிரியே இருக்கு.”

பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமினார். “மேலே சொல்லும்மா.”

“முன்னாடி எல்லாம் சிற்பி அண்ணாதான் கையால நறுக்குவார். ஒரு இறக்கைக்கு மூணு வாரம் ஆகும். பொறுக்கி எடுத்த செங்கல் மாதிரி அழகா இருக்கும். தறி ஒரு பகல்ல தானே நறுக்கிடும். ஆனா எல்லா இடத்துலயும் அதுக்குக் கை வராது. போல்ட் துளையைச் சுத்தி மட்டும் துண்டெல்லாம் ஊசி ஊசியாப் போயிடுது. ஊசித் துண்டு கணக்குக்கு ஆகாது. வழி தேடிட்டிருக்கேன். இதை நான் யார்கிட்டயும் மறைக்கல.”

ஒரு காகிதத்தை நீட்டினாள். “காலையில என் கம்ப்யூட்டரைப் பூட்டிட்டாங்க. கணக்கு ரிப்போர்ட்டோட மேலட்டையில வந்த இந்தப் படம்தான் கையில இருக்கு. குமிழோட போல்ட் பக்கம். துளையைச் சுத்திப் பாருங்க.”

துளைகளைச் சுற்றி ஊசி எதுவும் இல்லை. வெங்காயத்தை நறுக்கியதுபோல் வளையத்துக்குள் வளையமாக, ஒன்றுக்கொன்று இம்மி பிசகாத கட்டங்கள்.

“இது தறிக்கு வராது” என்றாள் தறிக்காரி. “நான் முடிச்சுப் பொது ஃபோல்டர்ல வச்ச மெஷ்ல யாரோ கை வச்சிருக்காங்க. அதுக்கப்புறம்தான் அழுத்தக் கணக்குப் போடற பிரிவுக்குப் போயிருக்கு.”

“யாருக்கு வரும்?” பூதக்கண்ணாடி புலி மாதிரி எழுந்தார்.

அவள் தலை குனிந்தாள். “ஒருத்தருக்குத்தான் வரும்.”

மச்சினி அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இறக்கையின் வேரில், விரிசலுக்குப் பக்கத்தில், சட்டியில் ஒட்டியதை வழிப்பதுபோல ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“விளையாடாதே. வா” என்றார் பூதக்கண்ணாடி.

“நீங்க போங்க அத்தான். நான் விளையாடிட்டு வரேன்.”

அதுதான் அவருக்கும் வேண்டியிருந்தது. இவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

சிற்பியின் அறைச் சுவர்களில் அவர் நறுக்கிய மெஷ்களின் வண்ணப் படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. மற்றவர்கள் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படத்தை மாட்டுகிற இடத்தில் அவர் ஒரு பம்பின் உட்புறத்தை மாட்டியிருந்தார். ஐம்பது தாண்டிய, அகலமான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். கீழே இருக்கிற உலகத்தைப் பார்க்க அது தேவையில்லை என்பதுபோல.

“தறியா?” என்றார். “அதுக்குச் சல்லடைன்னு பேர் வச்சிருக்கலாம்.”

“அந்தப் பொண்ணு மேல கோபமோ?”

“கோபமா? எனக்கா?” சிற்பி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. “சார், நீங்க ஒரு தொழிலை நகம் தேயச் செய்யறீங்க. ஊரே உங்ககிட்ட வந்து நிக்குது. திடீர்னு நேத்து வந்த ஒரு பொண்ணு, கொட்டாவி விடற நேரத்துல அதே வேலையைச் செஞ்சுட்டுப் போறா. அப்புறம் போன் வந்தா எல்லாரும் அவளைக் கேக்கறாங்க. அது எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது” என்றார் பூதக்கண்ணாடி. தொழிலில் அவர் சொன்ன பொய்களில் அது பெரிய பொய்.

அவர் கண் சுவரில் இருந்த ஒரு படத்தில் நின்றது. துளையைச் சுற்றி வெங்காய வளையம். பக்கத்துப் படத்திலும் வெங்காயம். சுவர் முழுக்க வெங்காயம். மார்பு விம்மியது. மச்சினி இல்லாமல், தன்னந்தனியாக, அவரே பிடித்துவிட்டார்.

நீள மேஜை போட்ட கூட்ட அறையில் எல்லோரையும் கூட்டச் சொன்னார். தலைமாட்டில் முதலாளி, வழுக்கையைத் துடைத்துத் துடைத்தே கைக்குட்டையை நனைத்திருந்தார். அவர் வலது பக்கம் போஸ்டரிலிருந்து இறங்கி வந்தவர்போல் மாப்பிள்ளை. எதிரே சிற்பி. ஓரமாகத் தறிக்காரி. கதவருகே சாய்ந்தபடி மச்சினி. கணக்குக்குப் போன மெஷ் பெரிய திரையில் விரிந்திருந்தது.

பூதக்கண்ணாடி எழுந்து நின்றார். இந்தக் காட்சியை அவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் பல தடவை ஒத்திகை பார்த்திருக்கிறார்.

“இந்த மெஷ் நாசம் செய்யப்பட்டது!” என்று முழங்கினார். “செய்தவர் இந்த அறையில் இருக்கிறார்! துளைகளைச் சுற்றியிருக்கும் வளையங்களைப் பாருங்கள். இந்தக் கைவரிசை ஒரே ஒருவருடையது. சிற்பி அவர்களே, அந்தப் பெண் இல்லாத நேரத்தில் இந்த ஃபோல்டருக்குள் புகுந்தீர்களா, இல்லையா?”

“புகுந்தேன்” என்றார் சிற்பி.

பூதக்கண்ணாடிக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஒத்திகையில் குற்றவாளி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வதில்லை.

“எதற்காக?”

“கெடுக்கத்தான்” என்றார் சிற்பி. “நாலு கட்டத்தை இழுத்துக் கோணலாக்கிட்டு வந்துடலாம்னு போனேன். திறந்து பார்த்தா துளையைச் சுத்தி ஊசி ஊசியா நிக்குது. சகிக்கல. ஒண்ணைச் சரி பண்ணேன். பக்கத்துல இருந்தது இன்னும் அசிங்கமாத் தெரிஞ்சுது. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வந்துட்டேன். அங்க இருக்கிறதுலயே நல்ல துண்டுங்க அதுங்கதான். வேணும்னா யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து காட்டுங்க.”

தறிக்காரி திரையருகே போய் உற்றுப் பார்த்தாள். “உண்மைதான். என்னோடதைவிட நல்லா இருக்கு.”

முதலாளி கைக்குட்டையைக் கீழே வைத்தார். “அப்படின்னா, நீ பண்ணினதைவிட நல்ல மெஷ்ஷை வச்சுக் கணக்குப் போட்டும் இறக்கை உடைஞ்சிருக்கு. அப்ப இந்தத் தறி அடிப்படையிலேயே தப்பு. வேற என்னம்மா அர்த்தம்?”

“அதான் மாமா, நான் அப்பவே சொன்னேன்” என்றார் மாப்பிள்ளை. “புதுசு புதுசா எதையாவது பண்றோம்னு...”

யாருக்காக வந்தாரோ அவளுடைய வேலைக்கே பூதக்கண்ணாடி வேட்டு வைத்திருந்தார். குளியலறை ஒத்திகையில் இந்தக் கட்டம் வரவில்லை. அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஒரு சின்ன சந்தேகம்” என்றது கதவுப் பக்கம். “இதைக் கொஞ்சம் திருப்ப முடியுமா? எல்லாரும் துளையையே பார்க்கறீங்க. விரிசல் விட்டது அந்தப் பக்கம்தானே?”

தறிக்காரி மவுஸை எடுத்துத் திருப்பினாள். இறக்கையின் வேர் திரையில் வந்து நின்றது. மச்சினி அருகே வந்தாள்.

“அந்த ரூம்ல இருக்கிற இறக்கையில இந்த இடத்தை விரலால தடவிப் பார்த்தேன். குழிவா, வழுவழுன்னு வளைஞ்சு போகுது. கிண்ணத்தோட உள்பக்கம் மாதிரி. இங்க பாருங்க. அட்டைப்பெட்டி மூலை மாதிரி சட்டுனு மடிஞ்சிருக்கு. அந்த வளைவு எங்கே?”

ஏசி மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாடியில் யார்மேலும் வயிற்றெரிச்சல் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

“ஐயோ” என்றாள் தறிக்காரி. “வளைவையே அழிச்சிருக்காங்க. தறியில ஒரு வசதி வச்சிருக்கேன். ‘எளிதாக்கு’ன்னு. சின்னச் சின்ன வளைவை எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி நீக்கிடும். முக்கியமில்லாத இடத்துக்குத்தான் அது. வளைவு இருந்தாத்தான் தறி அங்க பொடிப்பொடியா நெய்யும். இல்லன்னா பெரிய பெரிய துண்டாப் போட்டுட்டுப் போயிடும். அழுத்தம் ஏறி நிக்கிற இடமே அதுதான். பெரிய துண்டுல அது பரவலாக் கரைஞ்சு, ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். நான் வேர்ல அதை அழுத்தவே மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.”

“சிற்பி சாரும் மாட்டார்” என்றாள் மச்சினி. “எதிரி வீட்டுத் துளையில ஊசி இருந்தாலே அவருக்குத் தாங்கல. அவரா வேரை மொட்டை அடிப்பார்? அப்ப யாருக்கு அந்த வளைவு இடைஞ்சல்? யாருக்கு இந்த வேலை சீக்கிரம் முடியணும்? வாசல்ல ‘பத்தே நிமிடத்தில்’னு ஒருத்தர் கையைக் கட்டிட்டு நிக்கறாரே, அவருக்கு.”

எல்லாத் தலையும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. அவர் அலையலையான முடியைக் கோதிவிட்டுக்கொண்டார்.

“நல்ல கற்பனைங்க. பொது ஃபோல்டர். யார் வேணும்னாலும் திறக்கலாம். இவர் திறந்ததா இவரே சொல்றார். துளையை அழகு பண்ணிட்டு, வேரை அழிச்சிருப்பார். ரெண்டும் ஒரே ஆள், ஒரே நேரத்துல. இல்லேன்னு எப்படிச் சொல்வீங்க? ஆதாரம் இருக்கா?”

மச்சினி வாயைத் திறந்தாள். மூடினாள்.

அவள் வாய் மூடி பூதக்கண்ணாடி பார்த்ததே கிடையாது. பெண்பார்க்கப் போன அன்றைக்கே, “அக்கா, இவரா?” என்று ஆரம்பித்த வாய் அது.

ஆதாரம் அவரிடம் இருந்தது. சட்டெனப் பொறி தட்டிவிட்டது. காதோரம் பார்த்த சில்லுகள். முழங்கைக்கு மேலே பார்த்த பெட்டி மூலை. இந்த அறையில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பேசாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருந்தால் போதும். அவள் முதல்முறையாகத் தோற்றுத் திரும்புவாள். நாளையிலிருந்து போன் மணி அடித்தால் பெரிய எழுத்தைக் கேட்பார்கள். என்ன இனிமையான யோசனை. நாக்கின் அடியில் கற்கண்டு வைத்ததுபோல் கரைந்தது.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே சிற்பியின் முகம் தெரிந்தது. சிற்பி யாரையும் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் இறுக்கி மூடியிருந்தன. அந்த வாய் எதை அடைத்து வைத்திருக்கிறது என்று பூதக்கண்ணாடிக்கு உடனே புரிந்தது. ஏனென்றால் அதே வாய் இப்போது அவர் முகத்திலும் இருந்தது.

ஓரத்தில் தறிக்காரி தன் கொண்டைப் பென்சிலை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். மேஜையைக் காலி செய்யத் தயாராகிறவள் முதலில் எடுத்துக்கொள்கிற பொருள்.

பூதக்கண்ணாடி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “எல்லாரும் ஒரு நிமிஷம் வரவேற்பறைக்கு வாங்க” என்றார். குரலில் முழக்கம் எதுவும் இல்லை.

போஸ்டருக்கு முன்னால் நின்று, பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். வாழ்நாளில் முதல்முறையாக அதற்கு ஒரு துப்பறியும் வேலை வந்திருந்தது.

“இது மாப்பிள்ளை சார் காது. காதுக்குப் பின்னால திரையில ஒரு துளை. பாரும்மா, துளையைச் சுத்தி என்ன இருக்கு?”

தறிக்காரி குனிந்தாள். “ஊசி. என்னோட ஊசிங்கதான்.”

“வெங்காயம் இல்ல. அப்ப இது சிற்பி சார் கை வைக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம். இப்ப முழங்கைக்கு மேல பாரு. இதே இறக்கையோட வேர். வளைவு இருக்கா?”

“இல்ல.” அவள் குரல் உயர்ந்தது. “இல்ல சார்! பெட்டி மூலைதான் இருக்கு!”

“அப்ப வளைவு போனது முதல்ல. வெங்காயம் வந்தது அப்புறம். ரெண்டும் ஒரே ஆள் இல்ல, ஒரே நேரமும் இல்ல.”

“வளைவோட பத்து நிமிஷத்துல முடியவே முடியாதே!” என்றாள் தறிக்காரி. “ஒரு பகல் முழுக்க ஆகும். இந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வந்துதுன்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன்.”

முதலாளி போஸ்டரையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தப் படம் எடுத்த அன்னிக்கு இந்தப் பொண்ணு லீவாச்சே. வாங்கறவங்களுக்கு நீங்களே தனியா ஓட்டிக் காட்டினதா ராத்திரி சாப்பிடறப்ப சொன்னீங்களே மாப்பிள்ளை? அவ இல்லாமலே எனக்கு வரும்னு சொன்னீங்களே?”

போஸ்டர் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தார். அசல் மாப்பிள்ளை நிறுத்திவிட்டார்.

“தினம் சாப்பாட்டு மேஜையில ‘அந்தப் பொண்ணு, அந்தப் பொண்ணு’ன்னு நீங்கதானே மாமா... ஒரு தடவையாவது என்னைச் சொல்ல மாட்டீங்களான்னு...” மென்று விழுங்கினார். “பத்து நிமிஷத்துல முடியணும்னு ஒரு பட்டனை அழுத்தினேன். நான் அழிக்கல. கடைசியில ‘சேமிக்கவா’ன்னு கேட்டுது. சரின்னு போட்டேன். எது கேட்டாலும் சரின்னு போடறது என் வழக்கம்.”

“கல்யாணத்துக்கும் அப்படித்தான் சரின்னு போட்டீங்களா?” என்றாள் மச்சினி.

பூதக்கண்ணாடி இன்னும் முடிக்கவில்லை. சிற்பியின் பக்கம் திரும்பினார்.

“சிற்பி சார். துளையைச் சரி பண்ண உள்ளே போனீங்க. உங்களை மாதிரி ஆள் வேர் பக்கம் திருப்பிப் பார்க்காம வெளியே வந்திருப்பீங்களா?”

சிற்பி நெற்றியிலிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“பார்த்தேன்” என்றார். “அவதான் அழிச்சிருக்கான்னு நினைச்சேன். நல்லா உடையட்டும்னு நினைச்சேன். கூண்டுக்குள்ளதானே சுத்துது, யாருக்கும் அடிபடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வாயை மூடிட்டு வந்துட்டேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே அண்ணா” என்றாள் தறிக்காரி. “அப்புறம் துளையை மட்டும் ஏன் சரி பண்ணீங்க?”

“அது கை பண்ணிச்சும்மா. நான் பண்ணல.”

அவள் முதலாளியிடம் திரும்பி, “என் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்லுங்க” என்றாள். கேட்கிற தோரணை இல்லை, சொல்கிற தோரணை. முதலாளி தாமே கடவுச்சொல்லை அடித்துத் திறந்துவிட்டார்.

வேரை மட்டும் வெட்டி எடுத்து, வளைவைத் திரும்ப வைத்து, பொடிப்பொடியாக நெய்யவிட்டாள். விசிறி வாங்குகிறவர்கள் வந்து, முதலாளி அவர்களுக்குக் காப்பி மேல் காப்பியாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கணக்கு முடிந்தது. திரையில் இறக்கை பச்சையாக விரிந்தது. வேரில் ஓர் இடம் மட்டும் நெருப்புத் துண்டு மாதிரி சிவந்து நின்றது. மச்சினி திரையை இறக்கையின் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். விரிசல் இருந்த இடமும் சிவப்பும் ஒன்றாக இருந்தன.

“தறி முன்னாடியே சொல்லியிருக்கும்” என்றாள் தறிக்காரி. “சொல்ல விடல.” பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொண்டையில் திரும்பச் செருகினாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். “நீயே வந்து அவங்ககிட்ட சொல்லும்மா” என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, “நீங்க அந்த போஸ்டரைக் கழட்டுங்க” என்றார்.

படியிறங்கும்போது மச்சினி இரண்டு படி பேசாமல் வந்தாள். அது அவள் சாதனை.

“சிற்பி பார்த்திருப்பார்னு எப்படி அத்தான் தெரிஞ்சுது?”

“அனுபவம்.”

“என்ன அனுபவம்?”

பூதக்கண்ணாடி கைப்பிடிச் சுவரைத் தடவியபடி இறங்கினார்.

“சரி, அதை விடுங்க. போனதுமே மாப்பிள்ளையோட காதைப் போய் ஏன் பார்த்தீங்க?”

“தொழில் நுணுக்கம் உனக்குப் புரியாது.”

“முடியைப் பார்த்தீங்க.”

அவர் இரண்டிரண்டு படியாக இறங்க ஆரம்பித்தார்.

“ஒட்டா, அசலா?”

“அசல்” என்றார், சாபம் கொடுக்கிற குரலில்.

அவள் சிரித்த சிரிப்பில் கீழ்த்தளக் காவலாளி எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் பூதக்கண்ணாடியின் போன் அடித்தது. புது எண்.

“ஹலோ” என்றது ஒரு ஆண் குரல். “அந்தம்மா இருக்காங்களா?”

தீக்குச்சி அதே இடத்தில் உரசியது. ‘வெளியே போயிருக்காங்க’ என்பது நாக்கு நுனிவரை வந்து, செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றது. மச்சினி காவலாளியிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

பூதக்கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டார். பல் பிடுங்கக் கொடுக்கிறவர்போல் முகம் கோணியது.

“இருக்காங்க” என்றார். “கொடுக்கறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும்.”

“என்ன சார்?”

“பூதக்கண்ணாடி எங்கிட்டதான் இருக்கு.”